எனக்கு வராத அம்மை

எங்கள் வாசலில் அம்மா வேப்பிலை செருகியபோது என் உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், சிங்காநல்லூரில் ஒரு மில்லுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. வரிசையின் கடைசி வீட்டில் மட்டும்தான் கேபிள் டிவி. அந்த வீட்டுக்காரன் என்னிடம் 'தவறாக நடந்துகொண்டான்' என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள், ஏதோ செருப்போடு கோயிலுக்குள் நுழைந்துவிட்டவனைப் போல. நான் நேராகவே எழுதுகிறேன். அவன் என்மீது பாலியல் வன்முறை செய்தான்.

தெரிந்த மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பினாள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வெளியே சொல்லத் துணியவில்லை. அப்பா லாரியோடு வடக்கே போயிருந்தார். திரும்பி வந்து கேள்விப்பட்டால் வெட்டுக்குத்தாகிவிடும் என்று பயந்தாள்.

"ஆரு கேட்டாலும் அம்மைன்னு சொல்லோணும் கண்ணு. வேற எதும் பேசப்படாது."

அம்மை என்றால் ஒருவரும் படியேற மாட்டார்கள். அந்தப் பொய்க்கும் அம்மா பத்தியம் பிடித்தாள். குழம்பு தாளிக்கவில்லை, மீன்காரியைக் கூப்பிடவில்லை, என்னை வேப்பிலைமேல் படுக்கவைத்து இளநீர் கொடுத்தாள். நாளெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போகிறவர்கள்கூட எங்கள் வாசலைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அவ்வளவு தனியாக அதற்குப் பிறகு நான் இருந்ததில்லை.

கொடுமை என்னவென்றால், மெல்ல மெல்ல நானே அதை நம்பிவிட்டேன். நோய் என்றால் அது என் உடம்பில்தானே இருக்கிறது? அவனுக்கு அதில் என்ன வேலை? அவன் பாட்டுக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். ஒரு நாள் தெருவில் நின்று, "பாப்பாவுக்குத் தேவலைங்களா?" என்று விசாரிக்கவும் செய்தான். அம்மா உள்ளிருந்தபடியே, "இன்னும் தண்ணி ஊத்தலைங்க" என்றாள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் என் வகுப்புக்காரி ஒருத்தி இருந்தாள். ஒரு மத்தியானம், அவள் அம்மா தூங்கும் நேரம் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே தள்ளி நின்று என்னைக் கூப்பிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் வயதுக் குரல். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

"டிவி பாக்கப் போறேன். உனக்கு அம்மை எறங்குனதும் நீயும் வா."

"ஆரு ஊட்டுக்கு?"

கடைசி வீட்டைக் கைகாட்டினாள்.

எழுந்து ஓடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எப்படியாவது அவளை நிறுத்த வேண்டும். ஆனால் நடந்ததற்கு எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்த பெயர் ஒன்றே ஒன்றுதான்.

"போகாதடி. அங்க போனா அம்மை வரும்."

அவள் சிரித்தாள்.

"எனக்குத்தான் போன வருசமே வந்துருச்சே. இனி வராது" என்று சொல்லிவிட்டு அந்த வீட்டைப் பார்த்து ஓடினாள்.