மூடி திறக்காமல் வாங்கிய வயர்லெஸ்

நேற்று மத்தியானம் டெலிபோன் ஆபீசில், அழைப்பு எதுவும் வராமல் எல்லோரும் காலை நீட்டிக்கொள்கிற அந்தப் பத்து நிமிடத்தில், புதிதாகச் சேர்ந்திருக்கும் கலைவாணி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, கார்ல வெச்சிக்கிட்டுப் போறப்பவே பேசறதும் கேக்கறதும் ரெண்டும் முடியற மாதிரி வயர்லெஸ் செட்டு இருக்காமே. புதுசா ஆரம்பிக்கிறவங்க எத வாங்கலாம்? விலையும் கம்மியா இருக்கணும்."

நான் சிரித்துவிட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. தன் கேள்விக்குத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்திருப்பாள், பாவம். ஐந்து வருஷத்துக்கு முன் இதே கேள்வியை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், நான் கேட்டுக்கொண்டு திரிந்தேன். பதில் சொல்லத்தான் அப்போது ஆள் இல்லை. இருந்திருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

அந்த யோசனை எனக்குள் விழுந்த இடம் பாண்டிச்சேரியில், உப்பளம் பேட்டையில் இருக்கும் ரோசலியின் வீடு. ரோசலி டெலிபோன் ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலி. அவள் அப்பா சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர். அந்த வீட்டில் ஒரு பெரிய ரேடியோ இருந்தது. அதைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும் வால்வுகள் சூடேறி, மேலே படிந்த தூசி பொரிகிற மாதிரி ஒரு வாசனை வரும். மழைநாளில், உள்ளே காயப் போட்ட துணிகளின் ஈர வாசனையும் அதோடு சேர்ந்துகொள்ளும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் கை தானாக ஒரு குமிழைத் திருகப் போகும்.

அன்றும் மழை. பாட்டு எதுவும் சரியாகக் கிடைக்காமல் சிற்றலையில் முள்ளை நகர்த்திக்கொண்டிருந்தேன். இரைச்சலுக்கு நடுவில் ஒரு மனிதக் குரல். இங்கிலீஷில், யாரோ ஒருவர், சிலோனில் தன் காரை ஓட்டிக்கொண்டே பேசுகிறார். "இப்போது தென்னந்தோப்பைத் தாண்டிக்கொண்டிருக்கிறேன், இங்கே நல்ல மழை, அங்கே எப்படி?" மறுபக்கம் பேசியவர் சென்னையில் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அங்கே வெயிலாம். அவ்வளவுதான் பேச்சு. வியாபாரம் இல்லை, அவசரம் இல்லை, யாரும் சாகவில்லை. கம்பி கூட இல்லை.

நானோ காலை முதல் சாயங்காலம் வரை கம்பியோடு கிடப்பவள். நூறு பேரை நூறு பேரோடு இணைத்துவிட்டு, எனக்கென்று ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போகிறவள். (ஒரு வார்த்தை உண்டு: 'நம்பர்?' அதையும் வயதானவர்களிடம் 'நுமெரோ?' என்று மாற்றிக் கேட்க வேண்டும். பிரெஞ்சு கவர்னர் போய் இந்தியா வந்த பிறகும் வெள்ளைக்காரத் தெருவிலிருந்து 'வேந்த்ருவா' என்று இருபத்து மூன்றைக் கேட்பார்கள். தப்பாகக் கொடுத்தால் பிரெஞ்சிலேயே திட்டு விழும். திட்டு மட்டும் எனக்கு நன்றாகவே புரியும்.)

"ரோசலி, நாமளும் இப்படிப் பேசணும்டீ" என்றேன்.

"மழ பெய்யுதுன்னு சொல்றதுக்கா? ஜன்னலத் திறந்தா தெரியுது."

இப்படித்தான் ஆரம்பித்தது.

அமெச்சூர் ரேடியோ என்று அதற்குப் பெயர் என்பதையும், ஆசைக்காக மட்டும் பேசுபவர்களுக்கு சர்க்கார் பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுக்கிறது என்பதையும், மோர்ஸ் தந்தி பாஷை கட்டாயம் என்பதையும் ஒரு மாதத்துக்குள் துருவித் தெரிந்துகொண்டேன். லைசென்ஸ் இல்லாமல் பேசும் கருவியை வீட்டில் வைத்திருந்தாலே குற்றம் என்பதும் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? எங்கள் சூப்பர்வைசர் அதை டைப் அடித்து சுவரிலேயே ஒட்டியிருந்தார். ஆபீஸ்காரர்கள் யாராவது மாட்டினால் அன்றோடு வேலை போயிற்று என்று கடைசி வரி. ஆனால் எனக்கு அவசரம். முதலில் செட், அப்புறம் பரீட்சை என்று முடிவு கட்டிவிட்டேன். சமைக்கத் தெரிவதற்கு முன்பே இலை போடுகிற புத்தி.

ரோசலியின் அண்ணன் பிலிப்பிடம் ஒரு பழைய பிரெஞ்சுக் கார் இருந்தது. அதை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சென்னையில் யுத்தத்தில் மிஞ்சிய மிலிட்டரி சாமான்களை விற்கிற கடைகள் உண்டு என்றும், அங்கே வயர்லெஸ் செட்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன என்றும் நான் சொன்னதும், அவர் ஒரு சவாரியை விட்டுக்கொடுத்து எங்களை அழைத்துப் போக ஒப்புக்கொண்டார். ரோசலிக்குப் புடவை எடுக்கத் துணைக்குப் போகிறேன் என்று வீட்டில் பொய். அதுவும் கணக்கில் சேரட்டும்.

கடையில் மூன்று செட்டுகளை எடுத்து வைத்தார் கடைக்காரர். முதலாவது டாங்கியில் வைத்திருந்தது. கடல் தாண்டிக் கேட்கும் என்றார். இரண்டு ஆள் தூக்க வேண்டும், அதோடு பன்னிரண்டு வோல்ட் கேட்கும். பிலிப் அண்ணன் கார் பேட்டரி ஆறு வோல்ட். "இன்னொரு பேட்டரி வாங்கி சேத்துக்க வேண்டியதுதான், இன்னா இப்போ?" என்றார் கடைக்காரர். "அப்புறம் காருக்குள்ள நாங்க எங்க குந்தறது?" என்றார் அண்ணன். இரண்டாவது, சிப்பாய் தோளில் மாட்டிக்கொள்வது. கைக்கு அடக்கம், விலையும் சல்லிசு. ஆனால் அதற்கான உலர்ந்த பேட்டரி இப்போது எங்கும் செய்வதில்லை. இருந்தாலும் அடுத்த தெரு வரைக்கும்தான் எட்டும். அடுத்த தெருவுக்கு நடந்தே போய்விடலாம். மூன்றாவது ஒரு பச்சைப் பெட்டி. ஆறு வோல்ட். ஓர் ஆள் தூக்கலாம். கையில் பிடித்து, பட்டனை அழுத்திப் பேசும் மைக் ஒன்று சுருள் ஒயரோடு தொங்கியது. எனக்கு அதைப் பார்த்த கணமே மனசு போய்விட்டது.

நோட்டில் எட்டு கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தேன். எத்தனை வோல்ட், எந்த அலைவரிசை, வால்வு போனால் மாற்று கிடைக்குமா, எல்லாம் கேட்டேன். கடைக்காரருக்கே வியர்த்துவிட்டது. கார் பேட்டரியில் மாட்டிப் பார்த்தோம், எங்கோ ஒரு கப்பல் தந்தி அடிப்பது துல்லியமாகக் கேட்டது. "பேசிப் பாக்கக் கூடாதும்மா, போலீஸ் கேஸ் ஆயிடும்" என்றார். நியாயம்தானே என்று தலையாட்டினேன்.

ரோசலி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "மூடியத் திறந்து காட்டுங்களேன்."

நான்தான் அவள் கையைக் கிள்ளினேன். "திறந்தா மிலிட்டரி சீல் போயிடும்டீ, சும்மா இரு." நான் விஷயம் தெரிந்தவள் இல்லையா!

என் இரண்டு மாதச் சம்பளமும் ரோசலியின் ஒரு மாதச் சம்பளமும் அங்கேயே போயின. பெட்டியைப் பின் சீட்டுக்கு அடியில் தள்ளி, மேலே போர்வை போட்டு, போர்வைக்கு மேல் ரோசலி புடவையைப் பரப்பி உட்கார்ந்தாள். மறைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. எங்களைச் சுற்றி சுங்க எல்லை இருந்த நாட்களில், பெட்ரோலும் அரிசியும்கூட வரவிடாமல் இந்தியா மறித்த பிரெஞ்சு ஆட்சியின் கடைசி மாதங்களில், மடியில் அரிசியைக் கட்டிக்கொண்டு கர்ப்பிணி மாதிரி நடந்து வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லையைத் தாண்டி ஒரு சாமான் வருகிறதென்றால் அது மறைந்துதான் வர வேண்டும். நாங்கள் பழகியது அப்படி.

திண்டிவனம் தாண்டி, எங்கள் ஊர் எல்லையான கோரிமேடு வந்தது. சுங்கச் சாவடி போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த இடத்தில் சென்னை ராஜ்யப் போலீசின் மதுவிலக்குக் கொட்டகை ஒன்று மட்டும். பாண்டிச்சேரியிலிருந்து பாட்டில் கொண்டு போகிறவர்களைத்தான் அவர்கள் பிடிப்பார்கள். ஊருக்குள் வருகிற வண்டியை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். அன்றும் பார்க்கவில்லை. ஏட்டு ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கை காட்டவில்லை, தலைகூட நிமிரவில்லை.

பிலிப் அண்ணன் காரை நிறுத்தினார்.

சுங்கச் சாவடிக்காக ஐந்து வருஷம் தினம் நான்கு தடவை அந்த இடத்தில் நிறுத்திப் பழகிய கால். தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது.

ஏட்டு டீ கிளாசை வைத்துவிட்டு வந்தார். "ஏன் நின்னீங்க?"

"சும்மா" என்றார் அண்ணன்.

"போலீஸ் கொட்டா முன்னாடி யாராச்சும் சும்மா நிப்பாங்களா?"

ரோசலி புடவையை இன்னும் கொஞ்சம் பரப்பினாள். அது போதாதா? இரண்டு நிமிடத்தில் பச்சைப் பெட்டி டீக்கடை பெஞ்சின் மேல் இருந்தது.

"வயர்லெஸ்ஸா? எதுக்கு ஒளிச்சீங்க?"

"பழக்கம்" என்றார் அண்ணன். அது உண்மைதான், ஆனால் சொல்லக் கூடாத உண்மை.

"நீ இன்னாம்மா பண்றே?" என்று என்னைக் கேட்டார். டெலிபோன் ஆபீஸ் என்று சொல்லித் தொலைத்தேன். "அப்ப கஷ்டமே இல்ல. உங்க ஆபீசரையே வரச் சொல்லிக் கேட்டுடறேன்." கொட்டகைக்குள் போய் டெலிபோனை எடுத்தார். அந்த அழைப்பு எங்கள் போர்டு வழியாகத்தானே போக வேண்டும்? நான் தினம் உட்காரும் நாற்காலியில் வேறொருத்தி அதை எடுத்து, முழுக்கக் கேட்டுவிட்டு, சூப்பர்வைசருக்கு இணைத்திருப்பாள். அவர் சைக்கிளில் ஏறுவதற்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்திருக்கும்.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அப்பா வேலை செய்த மில்லில் அப்போது வேலை நிறுத்தம். வீட்டில் ஐந்து பேருக்கும் என் சம்பளம்தான் அடுப்பு. தம்பியின் பள்ளிக்கூடச் சம்பளம், அம்மா தவணைக்கு எடுத்த தையல் மெஷின், எல்லாம் வரிசையாக வந்து அந்தப் பெஞ்சில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த கடைசி வரியை மனசுக்குள் எத்தனை தடவை படித்தேனோ.

சூப்பர்வைசர் வியர்த்து வழிய வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பெட்டியின் நான்கு திருகையும் கழற்றி மூடியைத் தூக்கினார்.

உள்ளே இடது பாதியில் வால்வுகள், சுருள்கள், எல்லாம் ஒழுங்காக இருந்தன. அது கேட்கிற பாதி. பேசுகிற வலது பாதியில் வெறும் துளைகள். வெட்டிய ஒயர்கள். நடுவில், பழைய பேப்பர் சுற்றி, ஆடாமல் கம்பியால் கட்டி வைத்த ஏதோ ஒன்று.

ஏட்டு ஒரு அடி பின்னால் போனார். "இன்னா சார் அது, குண்டா?"

சூப்பர்வைசர் பேப்பரைப் பிரித்தார். "செங்கல்லு. அரைச் செங்கல்லு. கனம் காட்டறதுக்கு வெச்சிருக்கான்."

"அப்ப இது பேசாதா?"

"எங்கியா பேசும்? கேக்கும், அவ்ளோதான். வீட்டு ரேடியோ மாதிரி." பிறகு முதல் தடவையாக ரோசலியைப் பார்த்தார். "வூட்ல ரேடியோ கேக்கற லைசென்ஸ் இருக்கா?"

"இருக்கு முசே" என்றாள். பயத்தில் 'சார்' பிரெஞ்சுக்கு மாறிவிட்டது.

"அப்ப விட்டுடுங்க ஏட்டு. செங்கல்லுக்கு லைசென்ஸ் இல்ல."

ஏட்டு நோட்டைத் திறந்து, யோசித்து, மூடிவிட்டார். "இத எழுதுனா மேல இருக்கிறவங்க என்னப் பாத்துதான் சிரிப்பாங்க. போங்க. இனிமே நிறுத்தச் சொன்னா மட்டும் நிறுத்து."

நான் மண்ணில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். மூன்று மாதச் சம்பளத்தை ஏமாந்த பெண் சிரிக்கிறாளே என்று டீக்கடைக்காரர் பார்த்தார். அந்தக் கடைக்காரர் கொஞ்சம் யோக்கியராக இருந்திருந்தால் என் வேலை போயிருக்கும். சூப்பர்வைசர் சைக்கிளைத் திருப்பும்போது சொன்னார்: "திங்கக்கெழம எட்டு மணி ஷிப்டு. லேட் பண்ணாத." அதைவிட இனிமையான வாக்கியத்தை அந்த வருஷம் நான் கேட்கவில்லை.

கலைவாணிக்கு இதிலிருந்து எடுத்துச் சொன்னது கொஞ்சம்தான். முதலில் வண்டியின் பேட்டரியைப் பார், பிறகு செட்டைப் பார். கடையில் கிடைக்காத பேட்டரி கேட்கும் செட், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மூடியைத் திறக்க விடாத கடையில் வாங்காதே. எல்லாவற்றுக்கும் முன்னால் லைசென்ஸ். அதுவரை நல்லதாக ஒரு கேட்கும் செட் போதும். நாங்கள் அந்தப் பாதிப் பெட்டியில் ஐந்து வருஷம் உலகத்தைக் கேட்டோம், குறை ஒன்றும் இல்லை.

ஐந்து வருஷம் ஏன் என்றால், அந்த வாரமே ஒழுங்காக விண்ணப்பம் போட்டேன். இந்தியப் பிரஜைக்குத்தான் லைசென்ஸ் என்று திரும்பி வந்தது. ஊர் இந்தியாவிடம் வந்துவிட்டது. ஆனால் ஊரைச் சட்டப்படி ஒப்படைக்கும் கையெழுத்தைப் பிரான்ஸ் போட்டு முடிக்காததால், நாங்கள் காகிதத்தில் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்தோம். மில் தறிக்காரரின் மகள், பிரெஞ்சில் திட்டு மட்டும் புரிகிறவள், பிரெஞ்சுக்காரி!

போன மாதம் அந்தக் கையெழுத்தும் முடிந்தது. முடிந்த கையோடு எத்தனையோ போய்க்கொண்டிருக்கிறது. 'வேந்த்ருவா' கேட்கும் குரல்கள் மாதத்துக்கு ஒன்று குறைகின்றன. கோரிமேட்டில் சுங்கச் சாவடி எங்கே இருந்தது என்று கலைவாணிக்குக் காட்டப் போனால் எனக்கே சரியாகத் தெரியவில்லை. பிலிப் அண்ணன் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருந்துவிடுவது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கார் கைமாறிவிட்டது, கப்பலுக்குக் காத்திருக்கிறார். ரோசலியும் கூடப் போகிறாள். அவள் உட்காரும் நாற்காலி மேல் இப்போதே கலைவாணி கண் வைத்திருக்கிறாள், நான் பார்க்காதது மாதிரி இருக்கிறேன்.

புது விண்ணப்பத்தை இன்று காலை நிரப்பினேன். பிரஜை என்ற இடத்தில் 'இந்தியன்' என்று எழுத ஒரு நொடிகூட ஆகவில்லை. மீதி இருப்பது மோர்ஸ் பரீட்சைதான். நிமிடத்துக்கு ஐந்து வார்த்தை கேட்டு எழுத வேண்டும். ரோசலி பென்சிலால் மேஜையில் தட்டுகிறாள், நான் எழுதுகிறேன். தட்டுவது அவளுக்கு எதற்கும் உதவப் போவதில்லை, ஆனாலும் தட்டுகிறாள். நேற்று நான்கு வந்தது. அவள் கப்பல் ஏற இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் ஐந்தாக்கிவிட வேண்டும்.