கருப்புசாமியைச் சுற்றிப் போன நடைபாதை

எங்கள் குளத்தங்கரைப் பூங்காவுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள், நடைபாதை கிழக்கு மூலையில் ஏன் இப்படிக் கோணலாக வளைகிறது என்று கேட்பார்கள். எனக்குத் தெரியும். அந்த வளைவுக்கு ஆட்சேபணை இல்லையென்று கடிதம் அடித்துக் கொடுத்தவள் நான்தான்.

மனு டைப் அடிப்பதுதான் முப்பது வருஷமாக என் பிழைப்பு. திங்கட்கிழமைகளில் கலெக்டரிடம் மனு கொடுக்கத் திண்டுக்கல்லுக்கு வரும் ஜனங்கள், நத்தமோ தாடிக்கொம்போ, என் கடையைத் தேடி வருவார்கள். அந்தம்மா அடித்த மனு திரும்பி வராது என்று ஒரு பேர். அந்தப் பேரால் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, அதை மறைப்பானேன்.

வீட்டுக்காரர் காய்கறி லாரி ஓட்டினவர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில், பல் விளக்கிக்கொண்டிருந்தவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் இழுத்துக்கொண்டது. நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் கையிலிருக்கும் டீ ஆறிவிடும். எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. அவர் பாதி சொல்லும்போதே மீதியை நானே சொல்லி முடித்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.

தினமும் நடக்க வைக்கச் சொன்னார் டாக்டர். எங்கே நடப்பது? தெருவில் டவுன்பஸ், நாய், மூடியில்லாத சாக்கடை. அவர் வருகிறேன் என்று ஒத்துக்கொண்ட ஒரே இடம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தங்கரைதான். அந்தக் குளத்துப் பாசனத்தில் அவர் அப்பாவுக்கு வயல் இருந்தது. பிளாட் போட்டு விற்றது போக மிஞ்சிய துண்டில்தான் நாங்கள் வீடு கட்டியிருக்கிறோம். ஆனால் கரை முழுக்கச் சீமைக்கருவேலமும் உடைந்த பாட்டிலும். இரண்டாம் நாளே வேர் தடுக்கி விழுந்து நெற்றியில் நாலு தையல். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே முடிவு செய்தேன், இந்தக் கரையைப் பூங்காவாக்காமல் விடுவதில்லை என்று.

தலையால் தண்ணீர் குடித்தேன். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். ஊருக்கெல்லாம் மனு அடித்தவள் முதல்முறையாக எனக்காக அடித்தேன். இரண்டு வருஷம் அலைந்து உத்தரவு வந்தபோது, அதை அவர் மடியில் கொண்டுபோய்ப் போட்டேன். ஒரு பக்கம் மட்டும் அசையும் வாயால் சிரித்தார்.

கரையைச் சுற்றி நடைபாதை, பிடித்து நடக்கக் கம்பி, சிமெண்ட் பெஞ்சு, பிள்ளைகளுக்கு ஊஞ்சல். எல்லாம் மளமளவென்று நடந்தது. கிழக்கு மூலையில் வந்து நின்றுவிட்டது. சிறுமலையில் பெய்யும் மழையைக் குளத்துக்குக் கொண்டுவரும் வாய்க்கால் அங்கேதான் உள்ளே நுழைகிறது. அந்தத் தண்ணீருக்குக் காவலாக, வாய்க்கால் வாயிலேயே முழங்கால் உயரக் கல்லாக நிற்கிறார் கருப்புசாமி. வரைபடத்தின்படி கல்லை நாலடி தள்ளி வைத்துவிட்டு, வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம் கட்டிப் பாதையை நேரே கொண்டுபோக வேண்டும். கல்லைத் தொட வேலையாட்கள் மாட்டேன் என்றுவிட்டார்கள். காண்ட்ராக்டர் தானும் பிள்ளைகுட்டிக்காரன் என்று ஒதுங்கிக்கொண்டார்.

கருப்பிடமே கேட்டுவிடலாம் என்று பூக்கட்டிப் பார்த்தோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் செவ்வரளி. சாமி இடம் மாறச் சம்மதம் என்றால் வெள்ளை வரவேண்டும். பூசாரி கும்பிட்டு எடுத்த பொட்டலத்தைப் பிரித்தால் செவ்வரளி. மனசு கேட்காமல் இன்னொரு தரம் பார்த்தோம். அதே செவ்வரளி. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம்தான் காண்ட்ராக்டர் அந்த யோசனையைச் சொன்னார். சாமி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், பாதையை வளைத்துக்கொள்ளலாம். வளைவில் பாலம் உட்காராது. அதனால் வாய்க்கால் வாயை மண் கொட்டி மூடி, மேலே கல் பாவிவிடலாம். பல வருஷமாக அதில் தண்ணீரே வரவில்லையே, குளத்தில் கிடப்பது நேரே மேலே விழுகிற மழைதானே என்றார். குடியிருப்பவர்கள் சார்பில் ஒரு கடிதம் மட்டும் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாமியைத் தொடலாமா என்று இரண்டு தரம் பூக்கட்டிக் கேட்ட நாங்கள், வாய்க்காலை மூடலாமா என்று ஒரு தரம் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவேயில்லை.

அன்று சாயங்காலம் கடிதத்தை வீட்டில் வைத்து அடித்தேன். அடித்ததை வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது என் வழக்கம். 'பயன்பாட்டில் இல்லாத வாய்க்கால்' என்று படித்தபோது, நாற்காலியிலிருந்து அவர் இடது கையைத் தூக்கினார்.

"அது... தண்ணி... வார வழி."

"தண்ணி வந்து எம்புட்டு வருசமாச்சு?"

"வரும்... எங்கப்பா..."

"செத்த சும்மா இருங்க. ஒங்களுக்காகத்தான் இம்புட்டுப் பாடும்."

அவர் கை கீழே இறங்கியது. அந்த வாய்க்காலை இளவட்டத்தில் வருஷா வருஷம் தூர் வாரினவர்களில் அவரும் ஒருவர். அது எனக்குத் தெரியாததல்ல. அவர் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

பூங்கா திறந்தபோது குளத்தில் பாதிக்குத் தண்ணீர் கிடந்தது. முதல் வாரம் கம்பியைப் பிடித்துப் பத்து எட்டு வைத்தார். ஒரு மாதத்தில் முதல் பெஞ்சு. பொங்கலுக்குள் மூன்றாவது பெஞ்சு, அதுவும் கைத்தடியோடு தனியாக. அங்கே உட்கார்ந்து, தண்ணீரில் முங்கி எழும் நீர்க்காகங்களை எண்ணுவார். பேச்சு கூடக் கொஞ்சம் திருந்தியது. வெஞ்சனத்தில் உப்பில்லை என்று ஒருநாள் முழுசாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சித்திரையில் தண்ணீர் வற்றியது. வெடித்த தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஐப்பசி வரட்டும் என்று நான்தான் தேற்றினேன். ஐப்பசியும் வந்தது. எத்தனையோ வருஷமாகப் பார்க்காத மழை. பக்கத்துக் குளமெல்லாம் நிறைந்து வழிகிறது என்று ஜனம் வேடிக்கை பார்க்க ஓடியது. நானும் குடையைப் பிடித்துக்கொண்டு கிழக்கு மூலைக்கு ஓடினேன். சிறுமலைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வாய்க்கால் முழுக்க வந்துகொண்டிருந்தது. கருப்பின் காலடி வரை வந்தது. அங்கே பாவிய கல்லில் முட்டி, ரோட்டுப் பக்கம் திரும்பி, கீழ்த்தெரு வீடுகளுக்குள் புகுந்து, சாக்கடை வழியாகப் போய்ச் சேர்ந்தது. எங்கள் குளத்தில் கணுக்கால் அளவுதான் நின்றது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் நான் மனு போட்டுச் செய்திருந்தேன்.

வாய்க்காலைத் திறக்கச் சொல்லி மறுபடி மனு அடித்தேன். அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். கோப்பைப் புரட்டி ஒரு தாளை என் பக்கம் திருப்பினார்.

"இது நீங்க குடுத்ததுதானம்மா?"

ஒரு எழுத்துப் பிழை இல்லை. பயன்பாட்டில் இல்லாத வாய்க்கால், ஆட்சேபணை ஏதுமில்லை, கீழே முதல் கையெழுத்து என்னுடையது. இனி புது மதிப்பீடு போட்டு, புதிதாக அனுமதி வாங்கி, நிதி வந்தால் பார்க்கலாம் என்றார். தாளை அவர் பக்கமே திருப்பி வைத்துவிட்டு எழுந்தேன்.

மழை விட்ட பிறகு ஒருநாள் காலை அவரை வற்புறுத்திக் கூட்டிப் போனேன். மூன்றாவது பெஞ்சில் அவர் நிற்கவில்லை. கிழக்கு மூலை வரை ஒரே மூச்சாகப் போனார், அவ்வளவு தூரம் அதுவரை நடந்ததேயில்லை. வளைவில் நின்று, கல் இடுக்கில் கைத்தடி நுனியைக் குத்தி, இடது கையால் நெம்பினார். ஒரு கல் லேசாக ஆடியது. காவலாளி விசில் ஊதினார். நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது. தடியை என்னிடம் நீட்டினார்.

"நீ... எடு."

நான் வாங்கினேன். சுற்றிலும் பார்த்தேன். தெரிந்த முகங்கள், கையெழுத்துப் போட்ட முகங்கள். தடியை மறுபடி அவர் கையிலேயே திணித்து, "எல்லாரும் பாக்குறாங்க, வாங்க போவோம்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் வாசல்படி தாண்டவில்லை. தடி கதவு மூலையில் சாத்திக் கிடக்கிறது. மாத்திரை கொடுத்தால் விழுங்குகிறார். நீ செய்தது இதுதான் என்று ஒருநாள் திட்டினாலும் நிம்மதியாக இருக்கும். திட்டுவதில்லை. சாயங்காலமானால் இரண்டு டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டு எதிரே உட்காருகிறேன். எவ்வளவு நேரமானாலும் குறுக்கே பேச மாட்டேன், எதுவானாலும் சொல்லுங்க என்கிறேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். டீ ஆறிப்போகிறது.