இறக்கிவிட்ட ஒட்டகம்

1969 மே 19, திங்கட்கிழமை, காலை பதினொன்றே கால் மணி. காற்று அசையவில்லை. காரைக்குடி அச்சாபீஸின் தகரக் கூரைக்குக் கீழே மைகூட இளகிக் கிடந்தது. அந்த நேரத்தில்தான் என் சீயக்காய்ப் பொட்டலத்திலிருந்து ஒட்டகத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

அது நான் கேட்டு வந்த ஒட்டகம் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன் முதல் லேபிள் அடித்தபோது, கூந்தல் நீண்ட பெண்ணின் படத்துக்கு மதுரையில் அச்சுக் கட்டை, அதாவது பிளாக், செய்ய இருபத்திரண்டு ரூபாய் கேட்டார்கள். என்னிடம் இல்லை. அச்சாபீஸ் முதலாளி பாய், கடையை மூடிவிட்டுப் போன ஒரு பேரீச்சம்பழ வியாபாரியின் பழைய பிளாக்கைச் சும்மா கொடுத்தார். சரக்கு நன்றாகவே போயிற்று. ஆனால் பி.ஏ. படித்தவன் நான். கடைத்தெருவில் போனால், "ஒட்டகத்துக்கு எண்ணெய் தேச்சாச்சாண்ணே?" என்று கேட்பார்கள். அதுதான் பொறுக்கவில்லை.

"அது பாட்டுக்கு நிக்கட்டுமேண்ணே. உங்ககிட்டச் சோறா கேக்குது?" என்றார் பாய்.

நான் கேட்கவில்லை. கூந்தல்காரியை வைத்து, மேலே 'அசல் காரைக்குடி சுத்தச் சீயக்காய்த் தூள்' என்று போட்டேன். உள்ளே இருப்பதை ஒன்றுவிடாமல் சொல்கிற பெயர்தான் நல்ல பெயர் என்பது என் கணக்கு.

வீட்டில் மனைவி பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நம்ம கல்யாணத்துக்கு வந்த அண்டாவுல என்ன வெட்டியிருக்கு? 'நல்ல பித்தளை அண்டா'ன்னா வெட்டுனாக? எந்த வீட்டு அண்டான்னுதானே வெட்டுனாக. நீக அண்டா மேல அண்டான்னு எழுதி வச்சிருக்கீக."

விசேஷ வீடுகளில் இரவல் போன பாத்திரங்கள் குவிந்து கிடக்கும்போது, அந்த வெட்டெழுத்தைப் பார்த்துத்தான் அவரவர் எடுத்து வருவோம். ஐம்பது தடவையாவது நானே அப்படி எடுத்து வந்திருப்பேன். இருந்தும் அவள் சொன்னது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாம் மாதம் கல்லல் கடைக்காரர் ஒரு மூட்டையைத் திருப்பி அனுப்பினார். "ஒட்டகம் இல்லாதது போலியாம். பொம்பளைக தொட மாட்டேங்குறாக" என்று சொல்லிவிட்டார். சாக்கோட்டையிலும் அதே பதில். அதற்குள் இன்னும் மூன்று பேர் கூந்தல்காரியையும் 'அசல் காரைக்குடி'யையும் போட்டு விற்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்களைத் தடுக்க வேண்டும் என்று, 1971இல் டிரேட் மார்க் பதியச் சென்னைக்குப் போனேன்.

அங்கே பதிவு வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிற ஏஜென்ட் லேபிளைப் பார்த்துச் சிரித்தார். "சார், ஊர்ப் பேர் ஊருக்குச் சொந்தம். சீயக்காய்த் தூள்ங்கிறது சரக்கோட பேர். அசல், சுத்தம்னு எந்த வியாபாரிதான் சொல்ல மாட்டான்? இதையெல்லாம் உங்க ஒருத்தருக்கே எழுதிக் குடுத்துட்டா மத்தவங்க என்னன்னு சொல்லி விப்பாங்க?"

"அந்தப் படம்?"

"சீயக்காய் விக்கிற எல்லார்கிட்டயும் அந்தம்மாதான் இருக்காங்க. சரக்குக்குச் சம்பந்தமே இல்லாம, பாத்ததும் உங்க ஞாபகம் மட்டும் வர்ற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க. உடனே பதிஞ்சிடலாம்."

ஒட்டகத்தைப் பற்றிச் சொன்னேன். நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அருமை சார்! அதை ஏன் விட்டீங்க?"

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து தகவல் வந்தது. சீயக்காய்த் தூளுக்கு ஒட்டகம் ஏற்கெனவே பதிவாகிவிட்டதாம், திருப்பத்தூர் வியாபாரி ஒருவர் பெயரில். ஆட்சேபிக்கக் கொடுத்திருந்த கெடுவும் எனக்குத் தெரியாமலே முடிந்துபோயிருந்தது. வழக்குப் போடலாம், ஆனால் நானே கைவிட்ட ஒன்றுக்காக ஜெயிப்பது கஷ்டம் என்றார்.

திருப்பத்தூருக்கு பஸ் ஏறினேன். அந்த மனிதர் மோர் கொடுத்து உட்கார வைத்தார். அவர் கடை அலமாரி முழுக்க என் ஒட்டகம், அதே வளைந்த கழுத்தோடு.

"அது என்னுது" என்றேன்.

"இல்லேங்கலண்ணே. நீக எறக்கி விட்டீக, நான் ஏத்திக்கிட்டேன். தெருவுல அது பாட்டுக்குத் திரிஞ்சுச்சு."

"விலைக்குக் குடுப்பீகளா?"

"நீகளே சொல்லுங்க, எவனாச்சும் ஓடுற குதிரைய விப்பானா?"

மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

1973இல் அரைவை மிஷினை விற்றேன். வாங்கியவரும் அந்தத் திருப்பத்தூர்க்காரரே. மனைவி ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை, குத்திக் காட்டியிருக்கலாம். திரும்பி வந்த சரக்கு, மிஷினில் விழுந்த நஷ்டம், ஏஜென்ட் கூலி, கூந்தல்காரியின் பிளாக், அந்த பஸ் டிக்கெட் எல்லாம் சேர்த்து நான் இழந்தது ஏழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய், ஐம்பது பைசா.