சோமனூர் மாடியில் முந்நூற்று இருபது பேல்

பழைய வீடு வாங்குவதற்காகக் கொங்குப் பக்கம் போகிறவர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். பஸ் எது என்பதை யாரும் சொல்வார்கள். கூரையை எப்படிப் பார்ப்பது என்பதை நான் சொல்கிறேன். 1961 ஐப்பசியில் நான் போன ஒரு பயணத்தில் கற்றுக்கொண்டது அது. அப்போது கோவையில் ஒரு கடைக்காகத் தார் ஷீட் விற்றுக்கொண்டிருந்தேன். மழைத் தண்ணீர் இறங்காமல் மொட்டைமாடியில் ஒட்டுகிற, தார் ஊறிய கனத்த சுருள் அது. வாங்குவார் குறைவு என்பதால் நிறையப் பயணம் செய்தேன்.

சோமனூரில் ரங்கசாமி என்பவரின் தறிக்கூடம் ஒழுகுவதாகத் தகவல் வந்தது. காலை 7.10க்குக் கோவையில் பஸ். கருமத்தம்பட்டி பிரிவில் இறங்கியபோது 8.15. டிக்கெட் எழுபது நயா பைசா. அங்கிருந்து இரண்டு மைல் நடை. சோமனூரை நெருங்கினால் ஊர் தெரிவதற்கு முன்பே தறிச் சத்தம் கேட்கும். அதனால் வழி தவறாது.

ரங்கசாமியின் கூடம் நாற்பதடி நீளம், இருபதடி அகலம். எட்டு விசைத்தறிகள், நான்கு நெசவாளர்கள். மூலையில் அவர் மனைவி சரஸ்வதி நூல் சுற்றிக்கொண்டிருந்தார். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய கூரை.

உள்ளே போகுமுன் வெளிச் சுவரைப் பார்த்தேன். மாடித் தண்ணீர் வெளியேறும் ஓட்டை ஒரு கூரைக்கு ஓர் உயரத்தில்தான் இருக்கும். இங்கே ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு ஓட்டைகள், புல்லாங்குழலை நிமிர்த்தி வைத்ததுபோல. கீழே உள்ள மூன்றையும் அடைத்திருந்தார்கள். மாடிக்கு ஏறினேன். இடுப்பளவு இருக்க வேண்டிய கைப்பிடிச் சுவர் முழங்காலுக்குச் சற்று மேலேயே நின்றுவிட்டது. சுவர் வருஷா வருஷம் கீழே இறங்குவதாக ரங்கசாமி வருத்தத்துடன் தெரிவித்தார். சுவர் இறங்கவில்லை, தளம் ஏறியிருக்கிறது என்று சொன்னேன்.

அந்தக் காலத்தில் ஒழுகாமல் இருக்கச் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து, நாலு அங்குலத்துக்குத் தட்டிப் போடுவார்கள். அருமையான தளம். சதுர அடிக்கு நாற்பது ராத்தல் எடை. ராத்தல் என்றால் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒழுகினால் பழையதைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இங்கே மூன்று முறை ஒழுகியிருக்கிறது, மூன்று முறையும் பழையதன் மேலேயே போட்டிருக்கிறார்கள். நாலாவதைப் போட்ட கொத்தனார் மாரப்பன், ஐந்தாவதையும் போட ஒப்புக்கொண்டு அன்று காலையே வந்திருந்தார்.

பெயர்க்காததற்குக் காரணம் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே கூச்சமாக இருந்தது.

"முன்னால போட்டவரு நல்ல வேலைக்காரருங்க. அவரு போட்டத ஒடைச்சா, அவரு தப்பாப் போட்டாருன்னு ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிப்போகுமுங்க."

உலகத்தில் பல கட்டடங்கள் பேராசையால் விழுந்ததாகப் படித்திருக்கிறேன். மரியாதையால் விழப்போகும் ஒன்றின் மேல் நின்றது அதுவே முதல் தடவை. மெதுவாக இறங்கினேன்.

மேல் மூன்று தளங்களையும் பெயர்த்துவிட்டுத் தார் ஷீட் ஒட்டலாம் என்றேன். ரங்கசாமி மசியவில்லை. "ஏனுங்க, நீங்க தார் ஷீட்டு விக்க வந்தவிங்க. எங்க மாடி கனம்னு சொல்லித்தானுங்களே ஆகோணும்?"

நியாயமான சந்தேகம். அவருக்குப் பழகிய அளவில் சொல்லிப் பார்த்தேன். பேல் என்கிற நூல் பொதி ஒன்று நானூறு ராத்தல். ஒரு தளம் எண்பது பேல். நான்கு தளம் முந்நூற்று இருபது பேல். தார் ஷீட் கூரை முழுவதற்கும், ஒட்டும் தாரோடு சேர்த்து, இரண்டரை பேல்கூட வராது.

அவர் பதில் சொல்லுமுன் சரஸ்வதி எழுந்தார். "ஆடி மாசம் ரெண்டு பேல மேல வெக்கறேன்னதுக்கு, மாடி தாங்காதுன்னு என்னைய அந்தப் பேச்சுப் பேசுனீங்களே" என்று சொல்லியபடியே போய் மெயின் சுவிட்சை இறக்கினார்.

எட்டுத் தறிகளும் நின்றன. காது அடைத்ததுபோல ஓர் அமைதி. பிறகு தலைக்கு மேலே, பாக்கு வெட்டுவதுபோல ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. மூன்றாவது தறியிலிருந்த துணிமேல் வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

யாரும் கத்தவில்லை. எல்லோரும் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்தோம். ரங்கசாமி கடைசியாக வந்தார். இது எத்தனை நாளாக என்று நெசவாளர்களைக் கேட்டார். தறி ஓடும்போது எங்கே கேட்கிறது, பொடி மட்டும் தீபாவளிக்கு முன்பிருந்தே விழுகிறது, தட்டிவிட்டு நெய்கிறோம் என்றார் ஒருவர்.

மாலைக்குள் பனை மரங்களை முட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் காலை மாரப்பன் தான் போட்ட நாலாவது தளத்தைப் பெயர்க்க ஆரம்பித்தார். மூன்றாவதில் கை வைக்க மறுத்துவிட்டார். அதையும் இரண்டாவதையும் போட்டவர் காரமடை சுப்பையன். அவரைக் கேட்காமல் உடைக்கக் கூடாதாம். முட்டு எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், சம்மதம் வாங்கிவர நான் புறப்பட்டேன். கோவை வந்து, மேட்டுப்பாளையம் பஸ் பிடித்துப் பதினெட்டு மைல். காரமடையில் இறங்கியபோது மதியம் 2.40.

சுப்பையன் தேர்க்கடை வீதியில் ஒரு சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு அவர் கோபப்படவில்லை, திடுக்கிடவுமில்லை. கரணையைக் கழுவி வைத்தார்.

"தாராளமா ஒடைங்க. மூணாவது போடறப்பவே கனம் சாஸ்தின்னு தெரியுமுங்க. மொதலாளி ஆசப்பட்டுக் கேட்டாரு, எப்புடி மாட்டேங்கறது? அடுத்து வாரவரு சொல்லிப்போடுவாருன்னு உட்டுப்போட்டேன்."

அவரும் என்னுடன் வந்து இரண்டு தளங்களையும் தன் கையாலேயே பெயர்த்தார். அடித் தளத்தை மட்டும் விட்டு அதன்மேல் தார் ஷீட் ஒட்டினோம். உத்தரங்களைச் சோதித்ததில் மூன்றாவது தறிக்கு மேலே இருந்தது ஒரு முழ நீளத்துக்குப் பிளந்திருந்தது. சரஸ்வதி அந்தப் பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். முழு விரலும் உள்ளே போயிற்று.

ஆகையால் பழைய வீடு பார்க்கப் போகிறவர்களே, முதலில் வெளிச் சுவரில் ஓட்டைகளை எண்ணுங்கள். பிறகு மாடிக் கைப்பிடியின் உயரத்தை அளந்து பாருங்கள். இதற்கு முன் வேலை செய்தவர் எப்படி என்று கொத்தனாரைக் கேளுங்கள். அவர் மிகவும் உயர்வாகச் சொன்னால், காப்பியை வெளியே நின்று குடியுங்கள்.