கார்டு பெட்டி போகும்வரை

முதியோருக்கான கட்டுரை வகுப்பில் எங்களுக்கு இரண்டே விதிகள். தினமும் காலையில் பழைய நினைவு ஒன்றை ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதியதை, அந்தக் காலத்தில் உடனிருந்த ஒருவரிடம் படித்துக்காட்ட வேண்டும். இன்று கொருக்குப்பேட்டை கூட்ஸ் வண்டியின் பிரேக் வாடை ஜன்னல் வழியே வந்ததும் அம்மாவைப் பற்றி எழுதினேன்.

எனக்கு அப்போது ஆறு வயது. சாயங்காலமானால் அம்மா தண்டவாளத்தருகே போவாள், நானும் போவேன். நிலக்கரித் தூள் பல்லில் நறநறக்கும். அவள் முந்தானையைக் கடித்தபடி நிற்பாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளை எண்ணுவேன். கடைசியாக, கொடியோடு கார்டு நிற்கும் கார்டு பெட்டி போனதும் எத்தனை என்று சொல்வேன். எதைச் சொன்னாலும் "கரெக்ட்டு" என்பாள். அப்படித்தான் எனக்குக் கணக்கு வந்தது என்று முடித்திருந்தேன்.

மிச்சமிருக்கும் ஒரே சாட்சியான அக்காவிடம் படித்துக்காட்டினேன். சிரித்தாள்.

"கணக்கா? அம்மாவுக்கு இருவதுக்கு மேல எண்ணவே தெரியாதுடா, கெயவா."

பிறகு அவள் சிரிப்பு நின்றது.

"தொட்டில்ல கெடந்த தம்பி செத்த வருசம்டா அது. வண்டி முன்னால வுழுந்துடலாம்னுதான் அம்மா அங்க போய் நின்னுகினு இருப்பா. உன் கைய அவ உதறமாட்டான்னு நான்தான் உன்ன கூட அனுப்புவேன். 'ஒரு பொட்டியும் வுடாம எண்ணு, கைய மட்டும் வுட்றாத'ன்னு சொன்னது மறந்துட்டியா?"

 கடைசி வரியைக் கோடு போட்டு அடித்தேன். வேறு வரி வரவில்லை.

வெளியே அடுத்த கூட்ஸ் வந்தது. என்னையறியாமல் எண்ணத் தொடங்கினேன். கார்டு பெட்டி போகும்வரை அக்காவின் கையை நான் விடவில்லை.