ஏரிக்கரையில் இரண்டு பானை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அயனம்பாக்கம் பள்ளிக்கூடக் கொட்டகையில் வந்திருந்தவர்கள்: ஊர் முன்சீப், கோயில் தர்மகர்த்தா, ஏரித்தண்ணீரில் பயிர் வைக்கும் குடித்தனக்காரர்கள் பதினைந்து இருபது பேர், பூந்தமல்லியிலிருந்து ஜவுளி மூட்டையோடு வந்து கூட்டத்தில் மாட்டிக்கொண்ட காசிம் பாய், அப்புறம் நான். வராதவர்கள்: சேரியிலிருந்து ஒருவரும் இல்லை. பெண் என்று ஒருத்தியும் இல்லை. யாரைப் பற்றிப் பேசக் கூடினார்களோ, அந்த என் அண்ணியையும் யாரும் கூப்பிடவில்லை.

ரங்கூனில் என்னோடு வளர்ந்து, இன்று திருச்சியிலும் விசாகப்பட்டணத்திலுமாகச் சிதறிக் கிடக்கும் சிநேகிதர்களே, உங்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். நம் தெருவில் குழாயடித் தகராறு என்றால்கூட பர்மாக்காரப் பெண்கள்தான் முன்வரிசையில் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு உட்காருவார்கள். ஆண்கள் பின்னால் நின்று தலையாட்டுவார்கள். இங்கே வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. எங்கே போனாலும் இன்னும் என் கண் முதலில் பெண்களின் வரிசையைத் தேடுகிறது.

நான் இந்த ஊர்க்காரன்தான் என்று எல்லாக் காகிதமும் சொல்கிறது. என் அப்பா அயனம்பாக்கத்தில் பிறந்து, நிலமில்லாமல் கப்பலேறி, ரங்கூன் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். கைநாட்டுக்காரர். அவர் வம்சத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆனால் குண்டு விழுந்து ஊரைவிட்டு ஓடி வரும்வரை இந்த மண்ணை நான் மிதித்ததில்லை. கடைத்தெருவில் வெங்காயம் விற்ற மா டின் என்ற பர்மாக்காரியை அண்ணன் கல்யாணம் செய்துகொண்டார். மூன்று பேராகத்தான் மலைவழியில் நடக்கத் தொடங்கினோம். அண்ணனை ஒரு ஆற்றங்கரையில் பேதி கொண்டுபோயிற்று. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத எனக்குச் சக்தி இல்லை. இரண்டு பேராக வந்து சேர்ந்தோம். சித்தப்பா தன் மாட்டுக்கொட்டகையில் பாதியை ஒழித்துக் கொடுத்தார். ஆவடியில் பட்டாளத்துக் கட்டிடக் கான்ட்ராக்டரிடம் கூலியாட்களுக்கு ஆஜர் எடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

வந்த புதிதில் அண்ணி அழவுமில்லை, பேசவுமில்லை. வெயில் ஏறத் தொடங்கிய மாசியில் ஒருநாள், ஏரிக்கரைப் பாதையில் புளியமரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி, அதன்மேல் ஒரு மண்பானையில் தண்ணீர் வைத்தாள். மூடியின்மேல் ஒரு கொட்டாங்கச்சி. பர்மாவில் இது இல்லாத பாதை கிடையாது. நடந்து வருகிறவன் யாரென்று கேட்காமல் வைக்கிற தண்ணீர். செத்தவர் பெயரில் வைத்தால் புண்ணியம் அவரைச் சேரும் என்பார்கள். அண்ணனுக்கு அவள் செய்த ஒரே கருமாதி அதுதான். தினமும் விடிகாலையில் பழைய தண்ணீரைக் கொட்டி, பானையைத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பினாள்.

பூந்தமல்லிச் சந்தைக்குக் கீரைக்கட்டு சுமந்து போகிறவர்கள் எல்லாரும் குடித்தார்கள். ஊர்த்தெருக்காரர்கள் குடித்தார்கள், சேரிக்காரர்கள் குடித்தார்கள், காசிம் பாய் குடித்தார். ஒரு மாதம் அப்படியே நடந்தது. பிறகு யாரோ யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணிக்கு ஒரு சாட்சிக் காகிதம் தேவைப்பட்டது. அகதிகளுக்குச் சர்க்கார் கொடுக்கும் உதவிப்பணம் வாங்கவும், இந்த ஊரிலேயே தங்கவும், “இன்னார் இந்த ஊர்க்காரன் பெண்சாதி, இவள் இங்கே இருப்பதில் ஆட்சேபணை இல்லை” என்று முன்சீப் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஊர் பேர் தெரியாதவர்களை அனுப்பும் தூரத்து முகாமுக்கு அவளையும் அனுப்பிவிடுவார்கள். நான் மனு எழுதிக் கொடுத்திருந்தேன். மதம் என்ற இடத்தில், படித்தவன் பொய் எழுதக்கூடாது என்று, பௌத்தம் என்று எழுதியிருந்தேன். அதைத்தான் அன்று கூட்டத்தில் வைத்துப் பேசினார்கள்.

“பௌத்தம்னா இன்னா அது? நம்ம சாமியா, பாய் சாமியா, தொர சாமியா?” என்று ஒருவர் ஆரம்பித்தார்.

“ஜப்பான்காரனும் அதே சாமிதானாமே!” என்றார் இன்னொருவர். “நாளிக்கி அவன் வந்து எறங்குனா இவோ வெத்தல பாக்கு வெச்சி அழச்சிகினு வருவா.”

நான் எழுந்து, ஜப்பான் குண்டில்தான் அவள் வீடு எரிந்தது என்று சொன்னேன். என் தமிழைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். புத்தகத் தமிழ் பேசுகிறேனாம்.

“இருக்கறவனுக்கே அரிசி இல்ல. ரேசன் கடையில சண்ட. வர்றவன் போறவனுக்கெல்லாம் ஊரு சோறு போடுமா?” என்றார் ஏகாம்பரம். அவர் நல்லவர்தான். எங்கள் கொட்டகைக்குக் கீற்று கொடுத்தவர்.

தினமும் பத்திரிகையில் நான் படிக்கிற வாதங்கள்தான் இவை. வந்தவர்களால் விலை ஏறுகிறது, வந்தவர்கள் எந்த மதம், வந்தவர்கள் திரும்பிப் போவார்களா. பெரிய மனிதர்கள் பெரிய வார்த்தைகளில் எழுதுகிறார்கள். இங்கே சின்ன வார்த்தைகளில் கேட்டேன். கேட்கிறவனுக்கு இரண்டிலும் களைப்பு ஒன்றுதான்.

முன்சீப் காசிம் பாய் பக்கம் திரும்பினார். “இன்னா பாய், நீ ஒண்ணும் சொல்லாம கீற?”

“நான் இன்னா சொல்றது? எங்க பாட்டனுக்குப் பாட்டன் பூந்தமல்லியில பொறந்தான். போன வாரம் உங்க பங்காளி என்னியப் பாத்து, ‘பாய், நீங்க எந்த தேசத்துலேர்ந்து வந்தீங்க’ன்றான். இந்தப் பொண்ணு வந்து ஒரு வருசம்கூட ஆவல. அவசரப்படாதீங்க, இன்னும் நூறு வருசம் கேக்கலாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் தர்மகர்த்தா, அதுவரை வாயே திறக்காதவர், சொன்னார்: “மதம் கெடக்குது வுடு. அந்தக் கொட்டாங்கச்சி. அதுல அவனும் மொண்டு குடிக்கறான், என் ஊட்டுப் பசங்களும் மொண்டு குடிக்குது.”

ஒரு மணி நேரமாகப் பேசியது மதத்தைப் பற்றியே அல்ல என்று அப்போது எனக்குப் புரிந்தது.

முன்சீப் சமரசம் செய்தார். “யாரும் பானைய எடுக்கச் சொல்லல நைனா. தண்ணி வெக்கறது தர்மம். ரெண்டு பானையா வெக்கச் சொல்லு. இந்தாண்ட ஊருக்கு, அந்தாண்ட சேரிக்கு. நாளிக்கே கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

நான் சரி என்றேன். எங்கே சொல்ல வெட்கமோ அங்கேதான் சொல்லியாக வேண்டும், சொல்கிறேன். எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டியிருந்தது. இன்னொரு பாதை நடக்க அவளுக்கும் எனக்கும் காலில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் ஏன் என்று சொல்லவில்லை. அண்ணன் பெயரில் வைத்த தண்ணீரைப் பிரித்து வை என்று எந்தப் பாஷையில் சொல்வது? “ஊரார் இரண்டு பானை வைக்கச் சொல்கிறார்கள்” என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததை அந்த மலைவழிக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

“ரெண்டா? ஊர் சொல்லிச்சா?” என்றாள். “நல்ல ஊர், தம்பி. உங்க அண்ணன் சொன்னாரு, எங்க ஊர் நல்ல ஊர்னு.”

நம்மவர்களுக்குத் தெரியும்: பர்மாவில் ஒரு பானை வைத்த இடத்தில் ஊர் இன்னொன்று கேட்டால், அது வைத்தவருக்குச் செய்யும் மரியாதை. அவள் அன்று மாலையே குயவரிடம் போய்ப் பெரிய பானையாக வாங்கினாள். மறுநாள் நான் ஆவடிக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது புளியமரத்தடியில் கும்பல். இரண்டு பானைகளும் பக்கத்தில் பக்கத்தில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு கம்பு நட்டு, அதில் கயிறு கட்டி, எந்தப் பானையிலும் எட்டி மொள்ளும்படி ஒரே ஒரு கொட்டாங்கச்சியைத் தொங்கவிட்டிருந்தாள். காற்றில் விழாமல் இருக்கத்தான்.

“ஊரைக் கிண்டல் பண்றாளா?” என்றார் தர்மகர்த்தா.

“தெரியாமல் செய்துவிட்டாள். தப்பு என்னுடையது. நான் அவளிடம் காரணம் சொல்லவில்லை” என்றேன்.

“படிச்ச புள்ள. ரெண்டு வார்த்த சொல்லத் தெரியல!” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அது நியாயம்.

தண்டம் போட்டார்கள். கோயிலுக்குப் பதினோரு ரூபாய், பரிகார பூஜைச் சாமான் தனி. கட்டினால் கையெழுத்து. அன்றிரவு எல்லாவற்றையும் அண்ணியிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். பர்மியில் சொன்னேன், தமிழில் எனக்கு வரவில்லை. அவள், “அப்ப உங்க அண்ணன் எந்தப் பானையில குடிப்பாரு?” என்று மட்டும் கேட்டாள். பிறகு பாவாடை விளிம்பின் தையலைப் பிரித்து, மலைவழி முழுக்க ஒளித்துக் கொண்டுவந்த, தன் பர்மாச் சட்டையின் தங்கப் பொத்தான்கள் மூன்றையும் என் கையில் வைத்தாள்.

முன்சீப் வாக்குத் தவறவில்லை. சாட்சிக் காகிதத்தை அவரே நல்லபடியாக மாற்றியும் எழுதினார். தாலுகா கச்சேரியில் கேள்வி வராமலிருக்கவாம்: பெயர் தனலட்சுமி, மதம் இந்து, சொந்த ஊர் அயனம்பாக்கம். நான் படித்துப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தாலுகா கச்சேரியில் நெடுநேரம் காத்திருந்தோம். சேவகன் “தனலட்சுமி” என்று கூப்பிட்டான். அண்ணி, யார் அந்தப் பெண், பாவம், ஏன் வரவில்லை என்பதுபோலக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது நான் அவள் முழங்கையைத் தொட்டேன். எழுந்து போனாள். முதல் மாத உதவிப்பணம் பன்னிரண்டு ரூபாய், கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டாள்.

தண்டம் பதினோரு ரூபாய், பூஜைச் சாமான் ஒன்றே கால், இரண்டாவது பானை மூன்றணா, முத்திரைத்தாள் எட்டணா, கச்சேரிக்குப் போய்வந்த வண்டிச் சத்தம் ஆறணா. ஆக எங்களுக்குச் செலவானது பதின்மூன்று ரூபாய் ஐந்தணா.