வாசலில் ஏழு ஜோடி

எங்கள் தெருவில் ஒரு கடையில் வியாபாரம் எப்படி என்று தெரிய வேண்டுமானால் யாரையும் கேட்க வேண்டாம். வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தால் போதும். செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் என்னுடைய மேட்சிங் சென்டர். தரையெல்லாம் வெள்ளை விரிப்பு, அதன்மேல் ரவிக்கைத் துணிகள். செருப்போடு யாரும் ஏற முடியாது. சாயங்கால மின்சார ரயில் வந்தால் வாசலில் செருப்பு குவிந்துவிடும்.

பிறகு தெருவைப் புதுப்பிக்கிறோம் என்று வந்தார்கள். மழைநீர்க் கால்வாய், நடைபாதை, விளக்கு என்று வரைபடத்தில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு பள்ளம் வரும் என்பதை மட்டும் வரையாமல் விட்டுவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் என் கடைக்கும் தெருவுக்கும் ஒரு பலகைதான் உறவு. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் நடந்து வந்து, இந்தப் பச்சையா அந்தப் பச்சையா என்று பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்? வாடிக்கைக்காரர்கள் வேறு தெருவுக்குப் பழகிவிட்டார்கள்.

வேலை முடிந்தபோது தெரு கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. வழுவழுவென்று நடைபாதை, உட்காரப் பெஞ்சு. ஆட்கள்தான் இல்லை. பெஞ்சில் ஒரு நாய் படுத்திருந்தது. திட்டத்தில் முழுத் திருப்தி அதற்கு மட்டும்தான்.

என் கணவருக்குப் படூர் பக்கம் வேலை. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே ஒரு கடை காலியாக இருக்கிறது, பொங்கல் முடிந்ததும் இதை மூடிவிட்டு அங்கே போய்விடலாம் என்றார். அதில் யோசனை கேட்கும் தொனியே இல்லை. இந்தக் கடையின் ஒவ்வொரு தட்டையும் பக்கத்தில் நின்று அடிக்க வைத்தவள் நான். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. ஆனால் அவர் கை நீட்டிக் காட்டியது காலி வாசலை.

அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. வீட்டுப் பரணில் கிடந்த பழைய செருப்புகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்து வாசலில் பரப்பினேன். ஏழு ஜோடி. கூட்டத்தைப் பார்த்தால்தானே கூட்டம் வரும்?

முதல் நாளே ஒரு பழைய வாடிக்கைக்காரர், ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் அக்கா, வாசல் வரை வந்தார். கதவில் நிறைய துணி தொங்கியதால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. செருப்புகளை எண்ணிப் பார்த்தார்.

"ஒரே கூட்டமா கீது, இன்னொரு நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். உள்ளே நான் ஒருத்திதான் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் எண்ணிக்கையைக் குறைத்தேன். மூன்று ஜோடி என்றால் தயங்கினார்கள். ஒன்று என்றால் கவனிக்கவே இல்லை. இரண்டு வைத்தால் நின்றார்கள், எட்டிப் பார்த்தார்கள், ஏறினார்கள். நிஜச் செருப்புகள் சேரச் சேர என்னுடையவற்றைப் பைக்குள் எடுத்து வைத்தேன். தை முகூர்த்தத்துக்குத் துணி எடுக்க ஆட்கள் வரத் தொடங்கியபோது பையைத் திறக்கவே வேலையில்லை. கணவரிடம் சொல்லவில்லை. அவரே வந்து பார்க்கட்டும் என்று ஒரு வீம்பு.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை அவர் ஸ்கூட்டரில் வந்தார். எதிர்க்கடை டீக்காரர், என் சாமர்த்தியத்தைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு, ஏழு ஜோடிப் பழைய செருப்பு விஷயத்தை அவரிடம் போட்டு உடைத்துவிட்டார். இவர் திரும்பிப் பார்த்தால் வாசலில் சரியாக ஏழு ஜோடி. மானம் போயிற்று என்று நினைத்திருப்பார். அத்தனையையும் ஒரு கோணிப்பையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். உள்ளே மேல்தட்டில் மெரூன் தேடிக்கொண்டிருந்த எனக்கு ஸ்கூட்டர் சத்தம் மட்டும்தான் கேட்டது.

முதலில் வெளியே போனது அதே நர்ஸ் அக்கா. போன வேகத்தில் திரும்பி வந்து செருப்பைக் காணோம் என்றார். ஏழு பெண்களும் வெறுங்காலோடு புது நடைபாதையில் நின்றார்கள். டீக்காரர் தலையைச் சொறிந்தபடி வந்து நின்றார்.

"அண்ணாத்ததான் மூட்டை கட்டிகினு போனாரு."

போன் போட்டேன். அவர் வந்து சேர்வதற்குள், சும்மா நிற்பானேன் என்று எல்லோரும் மறுபடி உள்ளே ஏறி ஆளுக்கொரு ரவிக்கைத் துணி வெட்டி வாங்கிக்கொண்டார்கள்.

அவர் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செருப்புகளை ஜோடி சேர்த்தார். இரண்டு முறை தப்பாகச் சேர்த்தார். மேட்சிங் சென்டர் வைத்திருப்பவரின் வீட்டுக்காரருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அக்கா சிரித்தார். எல்லாம் வரிசையான பிறகு அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுகூட நம்ம வூட்டுது இல்லியா?"

"நீங்க போட்டுகினு கீறீங்களே, அது ஒண்ணுதான்" என்றேன்.

அவர் தன் செருப்பைக் கழற்றி, அந்த வரிசையின் கடைசியில் வைத்துவிட்டுக் கடைக்குள் ஏறினார்.